பனியனுக்குள் 52 குரோமோசோம்கள்

மாணவர்களே, நீங்கள் அணிந்திருக்கும் பருத்திப் பனியன் பெரும்பாலும் திருப்பூரில் பின்னப்பட்டதாகத்தான் இருக்கும். அதிலிருந்து ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். மெல்லிய இழைகள் தனித்தனியே பிரிந்து வரும். அந்த இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்! பருத்தி விதையின் மேல்தோலிலுள்ள ஒரு செல்தான் அவ்வாறு இழையாக நீண்டு வளர்கிறது.

அந்தச் செல் உயிரோடு இருந்தபோது அதன் உட்கருவில் 52 குரோமோசோம்கள் இருந்தன. நம் முன்னோர் கரிசல் காட்டில் விதைத்த நாட்டுப் பருத்தியிலோ 26 மட்டுமே. ஒன்று மற்றதன் சரிபாதி! இது தற்செயலான ஒற்றுமையா? இல்லை. ஒரு பெருங்கடலும் பல லட்சம் ஆண்டுகளும் இந்தக் கணக்கில் அடங்கியுள்ளன. நம் பருத்தி விவசாயியின் சிக்கல் ஒன்றும் இதிலேயே இருக்கிறது.

நான்கு பருத்திகள்

உலகில் பயிராகும் பருத்தி இனங்கள் நான்கு. நான்கையும் பயிர் செய்யும் நாடு இந்தியா. அவற்றுள் ஆர்போரியம், ஹெர்பேசியம் ஆகிய இரண்டும் பழைய உலகத்துப் பருத்திகள். கோவில்பட்டிக் கரிசலின் கருங்கண்ணி முதல் இனத்தையும், உப்பம் பருத்தி இரண்டாம் இனத்தையும் சேர்ந்தவை. ஹிர்சூட்டம், பார்படென்ஸ் ஆகிய மற்ற இரண்டும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை.

1904-05-ஆம் ஆண்டு வாக்கில் ‘கம்போடியா’ என்னும் ஹிர்சூட்டம் பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தது. கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனத் தோட்டங்கள் அதற்கு நன்கு ஒத்துப்போயின. அதன் இழை நாட்டுப் பருத்தியைவிட நீளமானது; மெல்லிய நூல் நூற்க ஏற்றது. பிற்காலத்தில் கோவை ஆராய்ச்சியாளர்கள் கம்போடியாவுடன் உகாண்டாப் பருத்தியைக் கலந்து எம்.சி.யு. வரிசை வகைகளை உருவாக்கினர். எம்.சி.யு. என்பது மதராஸ், கம்போடியா, உகாண்டா ஆகிய மூன்று பெயர்களின் சுருக்கம். இவ்வரிசையில் புகழ்பெற்ற எம்.சி.யு. 5 வகை 1968-இல் வெளியிடப்பட்டது. 1974-இல் கோவையில் பிறந்த ‘சுவின்’, மிக நீண்ட இழையுடைய பார்படென்ஸ் பருத்தியாகும்.

நாட்டுப் பருத்திகளுக்கு 26 குரோமோசோம்கள். அமெரிக்கப் பருத்திகளுக்கு 52.

பதின்மூன்றின் கணக்கு

பெரும்பாலான உயிர்களின் உடற்செல்களில் குரோமோசோம்கள் சோடி சோடியாக இருக்கும். தந்தையிடமிருந்து ஒரு தொகுதி, தாயிடமிருந்து ஒரு தொகுதி. இதனை இருமயம் என்கிறோம். நாட்டுப் பருத்தியில் ஒரு தொகுதிக்கு 13. ஆகவே இரு தொகுதிகளுக்கு 26.

இரண்டுக்கு மேற்பட்ட தொகுதிகள் இருப்பின் அது பன்மயம். 13-இன் நான்கு மடங்கு 52 அல்லவா? எனவே அமெரிக்கப் பருத்தி நான்மயம். ஆனால் நான்கும் ஒரே தொகுதியின் நகல்களா, அல்லது வெவ்வேறானவையா?

1930-களில் ஸ்கோவ்ஸ்டெட் என்னும் ஆய்வாளர் இதற்கு விடை கண்டார். அமெரிக்கப் பருத்தியின் குரோமோசோம்களில் பாதி பெரியவை, பாதி சிறியவை. அவர் அதனை ஆசியப் பருத்தியுடன் கலந்து, கிடைத்த செடியின் குன்றல் பகுப்பை உருப்பெருக்கியில் ஆராய்ந்தார். ஆசியப் பருத்தியின் 13 குரோமோசோம்கள், அமெரிக்கப் பருத்தியின் 13 பெரிய குரோமோசோம்களோடு சோடி சேர்ந்தன. 13 சிறியவை துணையின்றித் தனித்து நின்றன. உறவுடைய குரோமோசோம்களே சோடி சேரும். ஆகவே பெரியவை ஆசியப் பருத்தியின் உறவுகள்.

சிறியவை யாருடையவை? அமெரிக்கக் கண்டங்களில் 26 குரோமோசோம்கள் கொண்ட காட்டுப் பருத்திகள் உள்ளன. அவற்றின் குரோமோசோம்கள் சிறியவை. பெரிய தொகுதிக்கு ‘ஏ’ என்றும், சிறியதற்கு ‘டி’ என்றும் பெயரிட்டனர். நாட்டுப் பருத்தி ஏஏ, அமெரிக்கக் காட்டுப் பருத்தி டிடி, கம்போடியா ஏஏடிடி. இவ்வாறு வெவ்வேறு இனங்களின் தொகுதிகள் கூடி அமைவதை அயல்பன்மயம் என்பர்.

ஏ தொகுதி பழைய உலகத்தது. டி தொகுதி அமெரிக்காவினது. இரண்டும் சந்தித்தது எப்படி? ஏறக்குறைய 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஏ தொகுதிப் பருத்தியின் விதை கடலில் மிதந்து அமெரிக்கா சேர்ந்து, அங்கிருந்த டி பருத்தியோடு கலந்திருக்க வேண்டும் என விஞ்ஞானிகள் கருதுகின்றனர். மனிதன் பருத்தி பயிரிடுவதற்கு வெகு காலம் முன்பே நடந்த கலப்பு இது.

வியப்பு ஒன்று உண்டு. டி தொகுதிக் காட்டுப் பருத்திகளின் இழை நூற்கவே உதவாது. ஆனால் அத்தொகுதி ஏ-யுடன் சேர்ந்து உண்டான பருத்தியோ ஏ மட்டும் உள்ள பருத்தியைவிட நீண்ட இழை தருகிறது!

விவசாயியின் சிக்கல்

நீண்ட இழை இருந்தால் போதுமா? நாட்டுப் பருத்தி மானாவாரியில் வறட்சியைத் தாங்கும். தத்துப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளும் அதை அவ்வளவாக வருத்துவதில்லை. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அமெரிக்கப் பருத்தியை வாட்டிய இலைச்சுருள் வைரஸ் நோய் ஆர்போரியத்தைத் தொடுவதில்லை. ஆனால் அதன் இழை குட்டையானது. மெல்லிய பனியன் நூலுக்குப் பொதுவாகப் போதாது.

அப்படியானால் இரண்டையும் கலந்தால் என்ன? நாட்டுப் பருத்தியின் உறுதியும் கம்போடியாவின் இழையும் ஒரே செடியில் கிடைக்குமே!

ஹிர்சூட்டத்தையும் பார்படென்ஸையும் கலப்பது எளிது. இரண்டும் ஏஏடிடி, இரண்டிலும் 52. தார்வாடில் உருவாகி 1972-இல் வெளிவந்த ‘வரலட்சுமி’ இத்தகைய வீரிய ஒட்டே. ஆனால் 52-ஐ 26-உடன் கலந்தால் கணக்கு இடிக்கிறது. ஒரு பக்கமிருந்து 26, மறுபக்கமிருந்து 13. ஆக மொத்தம் 39. இது மும்மயம். இதில் 13 சோடிகள் சேர, 13 குரோமோசோம்கள் தனித்து நிற்கும். அவை ஒவ்வொன்றும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சம வாய்ப்போடு செல்வதாகக் கொள்வோம். பதின்மூன்றும் ஒரே பக்கம் செல்வது, ஒரு காசை 13 முறை சுண்டி, எல்லாம் தலையாகவோ எல்லாம் பூவாகவோ விழுவதற்குச் சமம். அதற்கான வாய்ப்பு 4096-இல் ஒன்றுதான்! மற்றவற்றில் கணக்குக் குளறுபடி ஏற்பட்டு மகரந்தம் மலடாகிறது. செடி செழித்து வளரும், பூக்கும், ஆனால் விதை வைக்காது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதையின் நிலை இதற்கும்.

(இதே குறை வாழையில் நமக்கு நன்மையாகிறது. பூவன் வாழை 33 குரோமோசோம்கள் கொண்ட மும்மயம். அதனால்தான் பழத்தில் விதை தட்டுப்படுவதில்லை.)

மூலனூரில் விளையும் மருந்து

இச்சிக்கலுக்கு ஒரு வழி உண்டு. துணையில்லாத குரோமோசோமுக்கு அதன் நகலையே துணையாக்கிவிட்டால்? செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரட்டித்து, கதிர் இழைகளால் இரு பக்கமும் இழுக்கப்படுகின்றன. அந்த இழைகள் உருவாகாமல் தடுத்தால், இரட்டித்தவை ஒரே செல்லில் தங்கிவிடும். 39 என்பது 78 ஆகும். ஒவ்வொன்றுக்கும் துணை கிடைக்கும்.

இந்த வேலையைச் செய்யும் பொருள் கால்ச்சிசின். தாவரங்களில் அதன் திறன் 1937-இல் வெளியாயிற்று. கால்ச்சிசின் எதில் இருக்கிறது தெரியுமா? நம் மாநில மலரான செங்காந்தளில்! திருப்பூர் மாவட்டத்திலேயே மூலனூர், தாராபுரம் பகுதிகளில் பந்தலிட்டு வளர்க்கிறார்களே, அந்தக் கண்வலிக் கிழங்குச் செடிதான் அது. அதன் விதையிலும் கிழங்கிலும் இம்மருந்து உள்ளது. எச்சரிக்கை: இது கொடிய நஞ்சு. சோதனை செய்து பார்க்கும் ஆசை வேண்டாம்.

1940-இல் அமெரிக்காவில் பீஸ்லி என்பவர் ஆசிய ஆர்போரியத்தையும், ‘தர்பெரி’ என்னும் டி தொகுதிக் காட்டுப் பருத்தியையும் கலந்து, கால்ச்சிசினால் இரட்டித்தார். 13-ம் 13-ம் 26, இரட்டித்தால் 52. அச்செடி ஹிர்சூட்டத்துடன் இணங்கிக் கலந்தது. லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இயற்கை செய்ததை மனிதன் மீண்டும் செய்து காட்டினான்! அதன் வழிவந்த பருத்திகள் இழை வலிமைக்குப் பெயர் பெற்றன.

ஆனாலும் வேலை எளிதல்ல. 78 உள்ள செடியை 52 உள்ளதுடன் கலந்தால் 65 வரும். திரும்பத் திரும்பக் கலந்து, தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து, மீண்டும் 52-க்குக் கொண்டுவர வேண்டும். வேண்டிய குணத்தோடு வேண்டாததும் ஒட்டிவரும். வேண்டியது வழியில் நழுவியும் போகும். 2014-இல் ஆர்போரியத்தின் மரபுத்தொகுதியும், 2015-இல் ஹிர்சூட்டத்தின் மரபுத்தொகுதியும் படிக்கப்பட்டுவிட்டன. எந்த ஜீனைத் தேடுவது என்பது இப்போது சற்று எளிதாகியுள்ளது. ஆயினும் கருங்கண்ணியின் உறுதியும் சுவினின் இழையும் கூடிய பருத்தியை இனிமேல்தான் உருவாக்க வேண்டும். அதற்கு நாட்டுப் பருத்தி விதைகள் அழியாமல் இருக்க வேண்டும். குட்டை இழை என்று அவற்றைக் கைவிட்டால், ஏ தொகுதியின் பழஞ்செல்வமும் கைவிட்டுப் போய்விடும்.

செய்து பாருங்கள்

பழைய பனியனிலிருந்து நூலை உருவி முறுக்கைப் பிரியுங்கள். கறுப்புத் தாள்மீது 20 இழைகளை நேராக வைத்து, அளவுகோலால் அளந்து, சராசரி காணுங்கள். முடிந்தால் நாட்டுப் பருத்திக் காய் ஒன்றின் இழைகளையும் அவ்வாறே அளந்து ஒப்பிடுங்கள்.

ஒரு கேள்வி: 65 குரோமோசோம்கள் உள்ள செடியில் ஏ தொகுதிகள் எத்தனை, டி தொகுதிகள் எத்தனை?

விடை: ஏ மூன்று, டி இரண்டு. எப்படி என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள்.