ஒரு போன், மூன்று வகுப்பு, ஒரு நதி



"கம்மலை அடகு வச்சு போன் வாங்கிக் குடுத்தோம். பிள்ளை நாள் முழுக்க அதைத்தான் பாக்குது. படிக்குதான்னுதான் தெரியலீங்க."

இப்படி மனம் வருந்தும் தாய்மார் நம் லயங்களில் பலர். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் போனுக்குள் வந்தது. 2021இல் பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே நடந்து, பாறை உச்சியில் ஏறிப் பாடங்களைப் பெற்ற செய்தி உலகப் பத்திரிகைகளிலும் வந்தது. பிறகு பாடசாலை திறந்தது. போன் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதைப் படிப்புக்கு உதவும் சாமானாக ஆக்குவது எப்படி? அதுதான் இம்முறை நமது பாடம்.

மலைநாட்டில் மட்டுமா இந்தக் கேள்வி? திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள சிறு பாடசாலைகளுக்கும் இதுதான் கேள்வி. பிள்ளைகள் கொஞ்சப் பேர். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்துப் படிப்பிக்க வேண்டும். வீட்டில் இருப்பது ஒரு போன். அதையும் அப்பா கடலுக்கு எடுத்துப் போய்விட்டால் பிள்ளைக்கு இல்லை. நம் வீட்டில் அப்பா வேலைக்கு எடுத்துப் போகிறார், வித்தியாசம் அவ்வளவுதான்.

திருகோணமலைக்கும் நமக்கும் இன்னொரு உறவும் உண்டு. ஹட்டன், தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பக்கத்து ஓடைகள் பல கடைசியில் மகாவலியோடு சேர்கின்றன. 335 கிலோமீற்றர் நீளமான அந்த நதியின் ஒரு கிளை வெருகல் பக்கம் போகிறது. மற்றது மூதூருக்கு அருகே கொட்டியாரக்குடாவில் கடலோடு கலக்கிறது. நம் தேயிலை மலையில் பெய்த மழை திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. இதையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு சிறிய பாடசாலை. 3, 4, 5ஆம் தரங்கள் ஒரே அறையில் இருக்கின்றன. ஆசிரியரிடம் ஒரு போன் உண்டு.

முதலில் போனை எடுக்கக் கூடாது. கரும்பலகையில் ஒரு கேள்வி எழுத வேண்டும்: "மழைக்காலத்தில் ஆறு கொண்டுவரும் மண் எங்கிருந்து வருகிறது?" ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தோன்றியதைக் கொப்பியில் எழுதட்டும். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்து மூன்று வேலை. 5ஆம் தரப் பிள்ளைகள் போனில் செய்மதிப் படத்தைத் திறந்து, ஆற்றின் முகத்துவாரத்தில் விரலை வைத்து மேல்நோக்கிப் போவார்கள். வயல் வரும், காடு வரும், அணைக்கட்டு வரும்; கடைசியில் பச்சைத் தேயிலை மலை வரும். 4ஆம் தரப் பிள்ளைகள் தேசப்படத்தில் அதே ஆற்றின்மேல் நூல் வைத்து நீளம் அளப்பார்கள். 3ஆம் தரப் பிள்ளைகள் வெளியே இரண்டு தட்டுகளைச் சாய்த்து வைப்பார்கள். ஒன்றில் வெறும் மண், மற்றதில் புல்லோடு வெட்டிய மண். துளைபோட்ட டின்னால் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, வடியும் தண்ணீரை இரண்டு போத்தலில் பிடிப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வேலையை மாற்றிக்கொண்டால் எல்லாருக்கும் போன் கிடைக்கும்.

பிறகு போனை மூடிவிட்டுப் பேச வேண்டும். எந்தப் போத்தலில் மண் அதிகம் படிந்தது? முதலில் எழுதிய பதில் சரியா? 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை அணை போன்றவை மண்ணில் ஒரு பங்கை மறித்து வைத்திருப்பது பற்றி ஆசிரியர் இங்கே சொல்லலாம். கொட்டியாரக்குடாவிலிருந்து கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று இறங்குகிறது. திருகோணமலைக் கடல் சடுதியாக ஆழமாவதும், திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வருவதும் ஏன் என்று இப்போது பிள்ளைகளுக்கே விளங்கும்.

இனித்தான் போனின் உண்மையான வேலை. அந்தப் பிள்ளைகள் ஒரு தோட்டப் பாடசாலைக்குக் குரல் செய்தி அனுப்பலாம்: "உங்க பக்கம் ஆறு என்ன நிறம்? மண்ணு கரையாம இருக்க நீங்க என்ன செய்யிறீங்க?" நம் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு வந்து அப்பாவிடம் விசாரிக்கும். அப்பா மலையில் கான் வெட்டுவது ஏன், சரிவில் கல் அடுக்குவது ஏன் என்று சொல்வார். அப்பாவின் வேலை ஒரு விஞ்ஞானப் பாடம் என்று பிள்ளை அன்றைக்குத்தான் தெரிந்துகொள்ளும்!

இது புதுமுறையும் அல்ல. கொத்மலையில் 1989இல் தொடங்கிய சமூக வானொலி, 1990களின் கடைசியில் இணையத்தையும் சேர்த்துக்கொண்டது. கணனியைக் காணாத சனங்கள் கேள்வி அனுப்புவார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்தவரை அழைத்து, வானொலியில் விளக்குவார்கள். ஒரு கணனி ஒரு பிரதேசத்துக்கே பயன்பட்டது. ஏனென்றால் கேள்வி மக்களுடையதாக இருந்தது.

ஆகவே மூன்று விஷயங்களை மனதில் வைப்போம்.

ஒன்று: கேள்வி முதலில், போன் பிறகு. என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் திறந்தால் போன் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டு: சிக்னல் உள்ள இடத்தில் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்கள் உண்டு. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். ஒரு தரம் இறக்கினால் லயத்தில் உள்ள பல பிள்ளைகளுக்கு உதவும்.

மூன்று: ஒரு போனுக்கு மூன்று நான்கு பிள்ளைகள் இருப்பது குறையல்ல. சேர்ந்து பார்த்தால்தான் பேச்சு வரும், பேசினால்தான் விளங்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "எங்களுக்கு எழுத்துத் தெரியாதே, நாங்க எப்படிப் பாக்கிறது?" என்று ஒதுங்கிவிடாதீர்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கும் நேரம் போதும். "படிச்சியா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு போன்ல பாத்ததை எனக்குச் சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் பிள்ளை படித்திருக்கிறது. தடுமாறினால் நாளைக்கு ஆசிரியரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது. அடகு வைத்த கம்மலுக்கு அப்போதுதான் பலன்.