தரையில் தங்கும் வாயு

செம்பூரை அடுத்த மாகுலில் பர்மா ஷெல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் தொழிற்படத் தொடங்கிய 1955-ஆம் ஆண்டிலேயே, சமையல் வாயுவை உருளைகளில் அடைத்து விற்கும் வழக்கமும் அந்நாளைய பம்பாயில் தொடங்கிற்று. இன்று மும்பை வீடுகளுக்கு இருவகை வாயுக்கள் வருகின்றன. தாராவியின் சந்துகளுக்குப் பெரும்பாலும் உருளை. மாதுங்காவின் மாடிக் குடியிருப்புகள் பலவற்றிற்குக் குழாய். பகலில் அங்கே சமையல் வேலை முடித்து, மாலையில் தாராவியில் தம் வீட்டு அடுப்பை மூட்டும் பெண்கள் உண்டு. இரு வாயுவும் நீலச் சுடருடன் எரிவன. கசிவை அறிவிக்க இரண்டிலும் நாற்றப்பொருள் கலக்கப்படுகிறது. ஆயினும் கசிந்தபின் அவை செல்லும் திசை ஒன்றன்று. குழாயில் வரும் மீதேன் காற்றினும் இலேசானது. கூரையை நோக்கி எழும். உருளையிலுள்ள புரொப்பேன்–பியூட்டேன் கலவையோ காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது; நீரைப்போல் பள்ளம் நாடும்.

இதனை வகுப்பிலேயே அபாயமின்றிக் காட்டலாம். அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் குட்டையும் நெட்டையுமான இரு மெழுகுவர்த்திகளை நிறுத்தி ஏற்றுக. அடியில் சமையல் சோடாவைப் பரப்பி, வினிகரை மெல்ல ஊற்றுக. குட்டை வர்த்தி முதலில் அணையும். நெட்டையது சற்றுப் பின்னரே அணையும். கரியமில வாயுவின் மூலக்கூறு எடை 44, புரொப்பேனுக்கும் அதுவே. ஒன்று சுடரை அவிக்கும், மற்றது பற்றும் என்பதே வேறுபாடு.

தாராவியின் ஓரறை வீட்டில் இவ்வுண்மைக்குப் பொருள் மிகுதி. மழைநீர் புகாதிருக்க உயர்த்திக் கட்டிய வாசற்படி, கசிந்த வாயுவையும் உள்ளே தேக்கிவிடும். குழந்தைகள் உறங்குவது அதே தரையில்தான். காற்றில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பங்கு சேர்ந்தாலே இவ்வாயு பற்றத்தக்கது. பத்தடிச் சதுரமும் எட்டடி உயரமுமான அறையில் அந்த அளவை எட்ட ஏறத்தாழ ஒரு கிலோ போதும். உருளையில் இருப்பதோ 14.2 கிலோ. தரையோரமாகவே தேங்குமாயின், அந்த ஒரு கிலோவும் வேண்டுவதில்லை.

ஆகவே நாற்றம் வந்தவுடன் மேல்ஜன்னலைத் திறந்து நின்றுவிடலாகாது. சுடர்களை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவை அகலத் திறக்க வேண்டும். மின்விசிறியைப் போடவும் கூடாது, எரியும் விளக்கை நிறுத்தவும் கூடாது. விசையின் சிறுபொறியே போதுமானது. வெளியேறும் வாயு சந்தில் பரவுமாதலால் அண்டை வீட்டாரும் அடுப்பை அணைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தாராவி ஷாகு நகரில் உருளைக் கசிவால் மூண்ட தீ பலரைக் காயப்படுத்திற்று. பின்னர் வெளியில் நின்று 1906 என்னும் எண்ணை அழைக்கலாம்.

கசிவை ஐயுற்றால் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பதே முறை; தீக்குச்சி கொண்டு சோதிப்பவர் இன்றும் உளர் என்பது வியப்பே. உருளையை நிமிர்த்தியே வைக்க வேண்டும். தீரும் தறுவாயில் அதைச் சாய்த்தால் திரவமே குழாய்க்குள் இறங்கும். ஒரு பங்கு திரவம் சுமார் 250 பங்கு வாயுவாக விரியக்கூடியது. ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுக. உருளையின் கழுத்துப் பட்டையில் ‘சி 27’ என்றிருப்பின், 2027 செப்டம்பருக்குள் அது மறுசோதனைக்குச் செல்லவேண்டியது. தவணை கடந்த உருளையை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.