நஷ்டத்தில் விற்ற பங்குக்கு லாபக் கணக்கு

கேள்வி: நானும் மனைவியும் நியூ ஜெர்ஸியில் வசிக்கிறோம். அவர் வேலை பார்க்கும் முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒரு குளோஸ்டு எண்ட் வருமான ஃபண்டை நிர்வகிக்கிறது. அந்த ஃபண்டின் பொருளாளரும் அவர்தான். சில ஆண்டுகளுக்கு முன் 15 டாலர் வீதம் வாங்கிய 1,000 பங்குகள் என் கணக்கில் இருந்தன. வரியில் நஷ்டம் காட்ட நவம்பர் 14 அன்று 12.10க்கு விற்றேன். வரிச் சட்டத்தின் 30 நாள் விதிக்காகக் காத்திருந்து, டிசம்பர் 26 அன்று 11.30க்குத் திரும்ப வாங்கினேன். இது இன்சைடர் டிரேடிங் என்கிறார் மனைவியின் சக ஊழியர். என் பணம், என் கணக்கு, அதிலும் நஷ்டம். சிக்கல் உண்டா?
— வாசகர், நியூ ஜெர்ஸி

பதில்: உண்டு. ஆனால் மாட்டியிருப்பது நீங்கள் அல்ல, உங்கள் மனைவி.

சாதாரண மியூச்சுவல் ஃபண்டாக இருந்தால் இந்தப் பேச்சே எழாது. அங்கே வாங்குவதும் விற்பதும் ஃபண்டிடமே, அன்றைய நிகர சொத்து மதிப்பில். குளோஸ்டு எண்ட் ஃபண்டின் பங்குகளோ எந்தக் கம்பெனிப் பங்கையும் போலச் சந்தையில் கைமாறுகின்றன. விலை சொத்து மதிப்புக்குக் கீழேயும் போகும், மேலேயும் போகும். அந்த இடைவெளி எப்போது சுருங்கும் என்பது உள்ளே இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வாய்ப்புண்டு. அதனால்தான் 1940ஆம் ஆண்டின் முதலீட்டு நிறுவனச் சட்டம், 30(எச்) பிரிவின் மூலம், 1934 பங்குப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவை இவ்வகை ஃபண்டுகளுக்கும் பொருத்தியது. இயக்குநர்கள், அதிகாரிகள், ஆலோசனை நிறுவனம், 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். ஆலோசனை நிறுவனத்தில் வெறும் ஊழியராக மட்டும் இருப்பவருக்கு அறிக்கை தாக்கல் செய்வதிலிருந்து விலக்கு உண்டு. ஃபண்டின் பொருளாளருக்கு அது கிடைக்காது.

'என் கணக்கு' என்ற வாதம் இங்கே எடுபடுவது கடினம். ஒரே வீட்டில் வாழும் கணவன், மனைவி, பிள்ளைகள் பெயரிலுள்ள பங்குகளில் அந்த அதிகாரிக்கும் பண ஆதாயம் உண்டு என்றே அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்.இ.சி.யின் விதி அனுமானிக்கிறது. மறுத்து நிரூபிக்கலாம், ஆனால் 1975இல் டோவ் கெமிக்கல் வழக்கில் நடந்ததைப் பாருங்கள். இயக்குநரின் மனைவிக்குச் சொந்தமாகவே பெரும் செல்வம், கணக்குகளும் தனித்தனி. அவர் பங்குகளை விற்றார், கணவர் வாங்கினார். மனைவியின் பணத்தில் குடும்பச் செலவு நடந்தது, வரிக் கணக்கைச் சேர்ந்தே தாக்கல் செய்தார்கள் என்பதையெல்லாம் பார்த்த மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த விற்பனையைக் கணவர் கணக்கில் சேர்த்தது. நீங்களும் சேர்ந்தே வரி தாக்கல் செய்பவர்கள் என்று நினைக்கிறேன்.

இனி நஷ்டம். 16(பி) பிரிவு நீங்கள் முதலில் கொடுத்த 15 டாலரைப் பார்ப்பதே இல்லை. ஆறு மாதத்துக்குள் ஒரு விற்பனை, ஒரு வாங்கல். விற்ற விலை அதிகம், வாங்கிய விலை குறைவு. எது முதலில் நடந்தது என்பது பொருட்டல்ல. பங்குக்கு 80 சென்ட், ஆக 800 டாலர் 'லாபம்'. அதை ஃபண்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரகசியத் தகவல் தெரிந்திருந்ததா, கெட்ட எண்ணம் இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. பூட்டு உடைந்ததா என்று பாராமல், வீட்டுக்குள் நின்றதற்கே அபராதம் போடுவது போன்ற சட்டம் இது. கடுமையானது என்றுதான் நானும் நினைக்கிறேன். வரிச் சட்டத்தின் 30 நாள் உங்களை ஒரு விதியிலிருந்து காப்பாற்றி இன்னொன்றில் கொண்டுபோய் விட்டது. வருடக் கடைசியில் வரிக்காக விற்பவர்களால் இந்த ஃபண்டுகளின் விலை இறங்குவது வாடிக்கை என்பதால், உங்களைப் போல மாட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

ஃபண்ட் கேட்காவிட்டால் தப்பலாமா? ஒரு பங்குதாரர் எழுதிக் கேட்ட 60 நாளுக்குள் ஃபண்ட் வழக்குத் தொடராவிட்டால், அதன் சார்பில் அவரே தொடரலாம். காலவரம்பு 2 ஆண்டு. பணம் ஃபண்டுக்குத்தான் போகும், வழக்கறிஞருக்குக் கட்டணம் கிடைக்கும். படிவங்களைத் துழாவி இத்தகைய விற்பனை-வாங்கல் ஜோடிகளைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட வக்கீல்கள் உண்டு.

படிவம் என்றதும் அடுத்த பாக்கி. மனைவி பொறுப்பேற்ற 10 நாளுக்குள் படிவம் 3இல் உங்கள் 1,000 பங்குகளைக் காட்டியிருக்க வேண்டும். விற்றதையும் வாங்கியதையும் இரண்டு வேலை நாளுக்குள் படிவம் 4இல் தெரிவித்திருக்க வேண்டும். தாமதமானாலும் இப்போதே தாக்கல் செய்வது நல்லது. தாமதத்துக்காக மட்டுமே எஸ்.இ.சி. 2014, 2023, 2024 ஆண்டுகளில் பலர்மீது நடவடிக்கை எடுத்திருக்கிறது.

உண்மையான இன்சைடர் டிரேடிங் வேறு. மாதாந்திர பங்கீடு குறைக்கப்படப் போகிறது, உரிமைப் பங்கு வரப்போகிறது என்பது போன்ற சேதி மனைவி வழியாகத் தெரிந்து நவம்பரில் விற்றிருந்தால், 10பி-5 விதியின் கீழ் நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும். தவிர்த்த நஷ்டத்தைப் போல மூன்று மடங்குவரை அபராதம். குற்ற வழக்கானால் 20 ஆண்டுவரை சிறை. அப்படி ஏதாவது இருந்தால், எனக்கு மறுபடி எழுதாமல், படிவம் எதிலும் கையெழுத்திடும் முன் நேரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இல்லையென்றால் ஃபண்டின் இணக்க அதிகாரியிடம் மனைவி தானே போய்ச் சொல்லி, 800 டாலரைக் கட்டிவிடலாம். டிசம்பரில் வாங்கிய பங்குகளை ஜூன் இறுதிவரை தொடாதீர்கள். இடையில் 13 டாலருக்கு விற்றால், டிசம்பர் விலையுடன் ஒப்பிட்டு பங்குக்கு 80 சென்ட்டுக்குப் பதிலாக மொத்தம் 1.70 கேட்பார்கள். டிவிடெண்டைத் தானாக மறுமுதலீடு செய்யும் திட்டத்தில், எல்லாப் பங்குதாரர்களுக்கும் ஒரே நிபந்தனை என்றால், அப்படிச் சேரும் பங்குகள் இந்தக் கணக்கில் வராது.