கூடத்திலிருந்து மேடைக்கு: ‘வெய்லன் லைவ்’ குறித்து இளம் வாசகருக்கு ஒரு கடிதம்



1974 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் வெஸ்டர்ன் பிளேஸ் அரங்கிலும், ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் ஆப்ரி ஹவுஸ் அரங்கிலும் வெய்லன் ஜென்னிங்ஸ் தம் குழுவினருடன் நடத்திய கச்சேரிகளின் ஒலிப்பதிவே, 1976 டிசம்பரில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் வெளியிட்ட ‘வெய்லன் லைவ்’ என்னும் இசைத்தட்டு. அமெரிக்க கன்ட்ரி இசையில், அதாவது தென்மாநிலங்களின் உழவர்களிடமும் தொழிலாளர்களிடமும் வேர்விட்டு வானொலி வழியே நாடெங்கும் பரவிய பாட்டு மரபில், ‘அவுட்லா கன்ட்ரி’ என்று ஒரு கிளை உண்டு. அந்தக் கிளையின் மேடை ஒலிப்பதிவுகளைப் பற்றிப் பேசுவோர் இந்தத் தட்டை விட்டுவிட்டுப் பேசுவதில்லை. ‘அவுட்லா’ என்றால் சட்டத்துக்கு அஞ்சாமல் திரிபவன் என்று பொருள். நீண்ட தலைமுடியும் தாடியும் தோல் சட்டையுமாக அட்டைப்படங்களில் நின்ற அந்தப் பாடகர்களைக் கண்டவர்கள் எதையோ கொளுத்தப் புறப்பட்டவர்கள் என்றே அவர்களை எண்ணியிருக்கக்கூடும். ஆனால் அவர்கள் எதிர்த்து நின்ற சட்டம் நாட்டின் சட்டமன்று. ஒலிப்பதிவுக் கூடத்தின் சட்டம்.

அந்தச் சட்டம் பிறந்த இடம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம். 1950களின் பிற்பகுதியில் ராக் அண்ட் ரோல் அலை எழுந்து கன்ட்ரி தட்டுகளின் விற்பனையை அடித்துச் சென்றபோது, செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் நாட்டுப்புற வாசனை வீசிய ஃபிடிலையும் ஸ்டீல் கிதாரையும் பின்னுக்குத் தள்ளி, அவ்விடத்தில் வயலின் வரிசையையும் இழைவான பின்னணிக் குரல்களையும் அமர்த்தி, நகரத்துக் கேட்போரையும் கவரும் ஒரு பாணியை உருவாக்கினார்கள். ‘நாஷ்வில் சவுண்ட்’ என்று பெயர்பெற்ற இப்பாணியைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. பேட்ஸி கிளைனின் பாடல்களும் ஜிம் ரீவ்ஸின் பாடல்களும் இந்த முறையில் விளைந்தவையே. குறை வேறோர் இடத்தில் இருந்தது. எந்தப் பாட்டைப் பாடுவது, யார் வாசிப்பது, எப்படி முடிப்பது ஆகியவற்றையெல்லாம் பெரும்பாலும் தயாரிப்பாளரே முடிவு செய்ய, கூடத்துக்கென்றே இருந்த தேர்ந்த வாத்தியக்காரர்கள் வந்து வாசித்துவிட்டுப் போக, ஆண்டெல்லாம் பாடகருடன் பேருந்தில் ஊர் ஊராக அலைந்து, அவருடைய மூச்சின் ஏற்ற இறக்கம் வரை அறிந்திருந்த குழுவினருக்குக் கூடத்தின் கதவு பெரும்பாலும் திறக்கவில்லை.

1937-இல் டெக்சாஸின் லிட்டில்ஃபீல்டில் பிறந்து, ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியின் குழுவில் பேஸ் கிதார் வாசித்து, 1959 பிப்ரவரி 3 அன்று ஹாலியைப் பலிகொண்ட விமானத்தில் தமக்கு இருந்த இடத்தை வேறொரு பாடகருக்கு விட்டுக்கொடுத்ததால் உயிர் தப்பிய ஜென்னிங்ஸ், 1965-இல் அட்கின்ஸின் அழைப்பின்பேரில் ஆர்.சி.ஏ.வில் சேர்ந்தார். வெற்றிகளும் கிடைத்தன. எனினும் தட்டில் ஒலிப்பது தம் இசை அன்று என்ற மனக்குறை அவரை விடவில்லை. 1972-இல் நீல் ரெஷன் என்ற மேலாளரின் துணையோடு புதிய ஒப்பந்தம் பேசி, பாடல்களையும் வாத்தியக்காரர்களையும் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றார். பின்னர், நிறுவனத்தின் கலைஞர்கள் நிறுவனத்தின் கூடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் மீறி, பாடகர் டாம்பால் கிளேசரின் தனிக்கூடத்தில், 1974-இல் வெளிவந்த ‘திஸ் டைம்’ என்னும் தொகுப்பைப் பதிவு செய்தார். அதன் தலைப்புப் பாடல் கன்ட்ரி பட்டியலில் அவருக்கு முதன்முறையாக முதலிடத்தைப் பெற்றுத் தந்தது. அந்த வெற்றி கைக்கு வந்த சில மாதங்களிலேயே டெக்சாஸ் கச்சேரிகள் பதிவாயின என்பதை நினைவில் வைத்துக் கேட்டால், அந்த ஒலியில் இருக்கும் நிமிர்வுக்குக் காரணம் புரியும்.

அந்த நிமிர்வைக் காதால் தொட்டறிய ‘ரெய்னி டே வுமன்’ என்ற ஒரு பாடலே போதும். முதல்முறை குரலை மட்டும் கேட்பது இயல்பு. அடுத்த முறை குரலை ஒதுக்கிவிட்டு, அடியில் செல்லும் பேஸ் கிதாரையும் குழுவின் முரசுக்காரர் ரிச்சி ஆல்பிரைட்டின் பெரிய முரசையும் பின்தொடர வேண்டும்; இரண்டும் ஒரே காலடியாக, அவசரமில்லாமல், ஆனால் எதற்காகவும் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். கூடத்துப் பதிவுகளில் மெத்தைமேல் வைத்தது போல மென்மையாக்கப்பட்டிருந்த முரசு, இங்கே பாட்டைத் தோளில் சுமந்து செல்கிறது. மூன்றாம் முறை ரால்ஃப் மூனியின் ஸ்டீல் கிதாருக்கு உரியது. பெயரில் கிதார் இருந்தாலும் இதை மார்போடு அணைத்து வாசிப்பதில்லை; தன் கால்களின்மேல் கிடைமட்டமாக நிற்கும் இவ்வாத்தியத்தின் தந்திகளின்மேல் வாசிப்பவர் ஓர் எஃகுத் தண்டை வைத்து நகர்த்துகிறார்; கால் மிதிகளாலும் முழங்கால் நெம்புகோல்களாலும் தந்திகளின் சுருதியை ஒலிக்கும்போதே ஏற்றி இறக்குகிறார். ஆகவே ஒரு சுரம் அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிச் செல்கிறது. அழுகைக்கு அருகில் வரும் இந்த நெகிழ்வுதான் நாஷ்வில் கூடங்கள் பட்டிக்காட்டுத்தனம் என்று ஒதுக்கிய ஒலி. 1956-இல் ரே பிரைஸ் பாடிப் புகழ்பெற்ற ‘கிரேஸி ஆர்ம்ஸ்’ பாடலை இணைந்து எழுதியவரான மூனி, ஜென்னிங்ஸின் மேடையில் துணைக்கு வாசிப்பவராக அன்றி, பாடகருக்கு எதிர்க்குரலாகவே ஒலிக்கிறார். வெள்ளைப் பூவேலை செய்த கருந்தோல் உறை போர்த்திய டெலிகாஸ்டர் கிதாரில் ஜென்னிங்ஸ் வாசிக்கும் தடித்த, சுருக்கமான வரிகள் இந்த நெகிழ்வுக்கு எதிரே நிற்கின்றன. இவ்வளவு இடைவெளியும் இவ்வளவு நெருக்கமும் ஒன்றாக அமைவது, ஒரே மனிதர்கள் இரவுதோறும் சேர்ந்து வாசித்தால் மட்டுமே கைகூடும்.

மேடை ஒலிப்பதிவு என்ற பெயரையே உண்மைக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இதே 1974 பதிவுகளிலிருந்து ‘குட் ஹார்ட்டட் வுமன்’ பாடலை எடுத்து, அன்று அந்த மேடையிலேயே இல்லாத, நண்பரும் பாடகருமான வில்லி நெல்சனின் குரலைக் கூடத்தில் இணைத்து, கைதட்டலையும் கூட்டி, இருவரும் சேர்ந்து மேடையில் பாடியது போன்ற வடிவம் ஒன்று ‘வான்டட்! தி அவுட்லாஸ்’ தொகுப்பில் 1976 தொடக்கத்தில் வெளிவந்தது. பாடல் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. தொகுப்போ பத்து லட்சம் விற்பனைக்கான பிளாட்டினம் சான்றைப் பெற்ற முதல் கன்ட்ரி தட்டாயிற்று. இரண்டாண்டுகள் காத்திருந்த மேடைப் பதிவு அதே ஆண்டு டிசம்பரில் தனித்தட்டாக வெளிவந்ததற்கு இந்த வெற்றியே முதன்மைக் காரணமாக இருந்திருக்க வேண்டும். ‘வெய்லன் லைவ்’ தட்டில் அதே பாடலை ஜென்னிங்ஸ் தனியாகவே பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, ஒட்டுவேலையின் கவர்ச்சியும் ஒட்டாத பாட்டின் உறுதியும் ஒருசேர விளங்கும். உறுதியே காலத்தால் தேயவில்லை என்பது இக்கடிதத்தின் துணிபு.

தட்டின் பாடல் வரிசையைப் பார்ப்போர் வியக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கலகக்காரர் என்று விளம்பரப்படுத்தப்பட்ட பாடகர் தட்டைத் தொடங்குவது தம் பாட்டால் அன்று. ரயில் தொழிலாளியாக இருந்து பாடகரான ஜிம்மி ராட்ஜர்ஸ், ஆர்.சி.ஏ. விக்டரின் முன்னோடியான விக்டர் நிறுவனத்துக்காக 1927-இல் பதிவு செய்த ‘டி ஃபார் டெக்சாஸ்’ பாடலால். கன்ட்ரி இசையின் தந்தை என்று போற்றப்படும் ராட்ஜர்ஸ் அன்று தம் கிதாரை மட்டும் துணைக்கொண்டு பாடிய பாட்டு, இங்கே முழுக் குழுவின் பலத்தோடு எழுகிறது. மரபை உதற வந்தவர் இப்படித் தொடங்கமாட்டார். மரபின்மேல் பூசப்பட்ட மெருகைச் சுரண்டி எடுத்து, அடியில் இருந்த மரத்தைக் காட்ட வந்தவர்தான் இப்படித் தொடங்குவார்.

இதனினும் வெளிப்படையான வணக்கம் ‘பாப் வில்ஸ் இஸ் ஸ்டில் தி கிங்’ என்ற பாடல். ஃபிடிலையும் ஸ்டீல் கிதாரையும் ஜாஸ் இசையின் துள்ளலோடு கலந்து, டெக்சாஸின் நடன அரங்குகளை நிறைத்த ‘வெஸ்டர்ன் ஸ்விங்’ என்ற இசையின் தலைவர் பாப் வில்ஸ். ஆஸ்டினோ அந்நாளில் நெல்சனின் கோட்டை. அந்தக் கோட்டைக்குள்ளேயே நின்றுகொண்டு, விமானப் பயணத்தில் எழுதிய அப்பாட்டில், இங்கே யார் கொடி பறந்தாலும் அரசர் வில்ஸ்தான் என்று நண்பரைச் செல்லமாகச் சீண்டிப் பாடுகிறார் ஜென்னிங்ஸ். கூட்டம் வருந்தவில்லை, ஆர்ப்பரிக்கிறது. 2006-இல் ஆஸ்டினுக்கு வந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அவ்வூர் மக்களுக்கென்று தேர்ந்தெடுத்துப் பாடியதும் இந்தப் பாட்டையே.

2003-இல் 42 பாடல்களுடன் இரு குறுந்தகடுகளாக விரிந்த பதிப்பிலும் அந்த ஆரவாரம் அப்படியே இருக்கிறது. அது எழுந்த இரவில் வில்ஸ் உயிரோடு இருந்தார். 1973 டிசம்பரில், தம் கடைசி இசைத்தட்டுக்கான பதிவு நடந்துகொண்டிருந்த நாள்களில் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் வீழ்ந்து, பெரும்பாலும் நினைவின்றியே படுக்கையில் கிடந்தார். 1975 மே 13 அன்று அவர் காலமானார். சில வாரங்களில், ஜென்னிங்ஸின் ‘டிரீமிங் மை டிரீம்ஸ்’ தொகுப்பின் வழியே, அந்தக் கைதட்டல் முதன்முதலாகக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது.