புல்வெளியில் ஒரு மரப் பேய்

அமெரிக்காவில் அக்டோபர் 31 ஹாலோவீன். குழந்தைகள் மாறுவேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவார்கள். நியூஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, வாசல் புல்வெளியில் நிறுத்த நானும் பேரனும் ஒரு மரப் பேய் செய்தோம்.

அரை அங்குல பிளைவுட்டில் மூன்றடி உருவம் வரைந்தோம். கைரம்பம் வளைவில் திரும்பாது. ஆகவே எல்லாம் நேர்க்கோடுகளே. அறுத்த ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, அங்கும் பெயிண்ட் அடித்தோம். இல்லையேல் மழைநீர் புகுந்து பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

பின்னால் ஒரே முளையை ஆணியடித்து நட்டது என் தவறு. இரவுக் காற்றில் பேய் நடைபாதையில் குப்புற விழுந்தது. "தாத்தா, அந்த நேரம் யாராவது குழந்தை வந்திருந்தா?" என்றான் பேரன்.

மறுநாள் இரண்டு முளைகளை ஸ்குரூவால் முடுக்கி, ஓரடி ஆழம் மண்ணில் இறக்கினேன். எந்தப் பண்டிகைக்கு எதை நிறுத்தினாலும், ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.