கருவிற் பால் அமையும் வகை

குழந்தையின் பால் எப்பொழுது அமைகின்றது என்று உயிரியல் பயிலும் மாணவனை வினவினால், கருக்கட்டும் கணத்திலே என்று தயக்கமின்றி விடை கூறுவான். தந்தையின் விந்தணு எக்ஸ் நிறமூர்த்தத்தைக் கொணரிற் பெண். வை நிறமூர்த்தத்தைக் கொணரின் ஆண். பெண்மகவையே பெறுகின்றாள் என மருமகளைக் கடியும் மாமியாருக்கு இவ்விடை தக்க மறுமொழியே. ஆயினும் அதன் பின்னர் நிகழ்வன பல.

ஏறக்குறைய ஆறாம் வாரம் வரையும் மனித முளையத்திற் பால்வேறுபாடு புலப்படாது. விதையாகவோ சூலகமாகவோ மாறவல்ல ஒரே சுரப்பி இரு பாலார்க்கும் உண்டு. அதனருகே இரு சோடிக் கான்கள் உள. வொல்ஃப் கானிலிருந்து ஆணின் விந்துக் குழாய்களும், முல்லர் கானிலிருந்து பெண்ணின் கருப்பையும் பலோப்பியன் குழாய்களும் தோன்றும். ஒரு சோடி வளர, மற்றையது மறைதல் வேண்டும். இதனை நடத்துவது யாது?

முதற் குறிப்பை அளித்தது மாட்டுத் தொழுவமே. காளைக் கன்றோடு இரட்டையாய்ப் பிறக்கும் கிடாரிக் கன்று பெரும்பாலும் மலடாகும். கருவில் இரண்டின் குருதிக் கலன்களும் இணைந்திருத்தலைக் கண்ட சிக்காகோப் பேராசிரியர் பிராங்க் லில்லி, ஆண் கன்றின் ஓமோனே காரணம் என 1916 இற் கூறினார். கருவின் ஓமோன்கள் தொழிற்படும் வகையைச் சோதனையால் நாட்டியவரோ பிரெஞ்சு அறிஞர் அல்பிரெட் ஜோஸ்ட். தாய்முயலின் வயிற்றிற் கிடந்த சிறு கருக்களின் இனச்சுரப்பிகளை வெட்டி நீக்கி, அவற்றை மேலும் வளரவிட்டார் அவர். எத்துணை நுண்மையான கைத்தொழில்! 1947 இல் அவர் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது: விதையை இழந்த ஆண் கருக்களும் பெண்ணுறுப்புக்களோடு வளர்ந்தன. விதைக்குப் பதிலாக ஆண் ஓமோனை வைத்தபோது வொல்ஃப் கான் நிலைத்தது. முல்லர் கானோ மறையவில்லை. ஆகவே முல்லர் கானை அழிக்கும் வேறொரு பொருளையும் விதை சுரக்கின்றது என அவர் உய்த்துணர்ந்தார். அவ்வாறே பின்னர் உறுதியாயிற்று.

சுரப்பியை விதையாக்கும் எஸ்.ஆர்.வை. என்னும் பரம்பரையலகு 1990 இற் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே, இரு எக்ஸ் உடைய சுண்டெலிக் கருவொன்று அதனைப் பெற்று ஆணாய் வளர்ந்தது.

இவற்றைக் கொண்டு, பெண்மை என்பது ஏதும் நிகழாவிடில் எஞ்சுவது எனப் பலர் எழுதினர். அது பொருந்தாது. சூலகம் அமைதற்கும் தனிப் பரம்பரையலகுகள் தொழிற்படல் வேண்டும். பெண் சுண்டெலிக் கருவில் வொல்ஃப் கான் வாளா அழியாது, அழிக்கப்படுகின்றது என 2017 இற் காட்டப்பட்டது.

ஓமோன் சுரந்தாலும் உடல் அதனை ஏற்றல் வேண்டும். வை நிறமூர்த்தமும் விதையும் உடைய சிலரின் உடல் ஆண் ஓமோனை அறவே ஏற்பதில்லை. அவர்கள் புறத்தே பெண்ணாய்ப் பிறந்து பெண்ணாகவே வளர்வர். மற்றைப் பொருள் தொழிற்பட்டமையாற் கருப்பை மாத்திரம் இராது. தடைதாண்டி ஓடும் இஸ்பானிய வீராங்கனை மரியா ஹொசே மார்ட்டினேஸ் பத்தீனோ அத்தகையவர். 1985 இல் ஜப்பானிலே நிகழ்ந்த நிறமூர்த்தச் சோதனை அவரைப் பெண்ணல்லர் என்றது. பட்டங்களையும் உதவிப்பணத்தையும் இழந்து வழக்காடிய அவருக்கு 1988 இல் ஓடும் உரிமை மீண்டது.

2025 இல் உலகத் தடகள அமைப்பு மகளிர் பிரிவினர்க்கு எஸ்.ஆர்.வை. சோதனையை விதித்தது, ஆண் ஓமோனை முற்றாக ஏற்காதோர்க்கு விலக்கும் அளித்தது. அப்பரம்பரையலகைக் கண்டறிந்தோருள் ஒருவராகிய அன்ட்ரூ சிங்கிளயரே அவ்விதியை எதிர்த்து எழுதினார். பரம்பரையலகு உண்டு என்பதையே சோதனை கூறும். விதை அமைந்ததா, ஓமோன் சுரந்ததா, உடல் அதனை ஏற்றதா என்பவற்றை அது கூறாது என்பது அவர் வாதம்.