வலிப்பு உள்ளவர் வீட்டில் ஒரு கொப்பி

கிளினிக்கில் ஒரு நோயாளியோடு பேச டொக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. "போன முறை வந்த பிறகு எத்தனை தரம் வலிப்பு வந்தது?" என்று கேட்பார். "இரண்டு மூன்று தரம் இருக்கும் ஐயா" என்பார் தாய். இந்தப் பதிலை வைத்தே மருந்தைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். நோயாளிக்கோ பெரும்பாலும் நடந்தது எதுவும் நினைவிராது. தலையில் வயர் பொருத்தி எடுக்கும் ஈ.ஈ.ஜி. பரிசோதனைகூட, வலிப்பு இல்லாத வேளையில் குறை எதையும் காட்டாமல் விடலாம். ஆகவே பக்கத்தில் நின்று பார்த்தவரின் சொல்லுக்குப் பெறுமதி அதிகம். அதை மறக்குமுன் எழுத வேண்டும்.

சாதாரண பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று போதும். முதற் பக்கத்தில் பெயர், வயது, கிளினிக் இலக்கம், குடிக்கும் மருந்துகளின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்பவற்றை எழுதுங்கள். "காலையில் வெள்ளைக் குளிசை ஒன்று" என்று எழுதுவதில் பயனில்லை. வெள்ளைக் குளிசைகள் ஏராளம். ஒரே மருந்தும் கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறி வரும். முன்பு ஏதாவது மருந்துக்குத் தோலில் தடிப்பு வந்திருந்தால் அதைச் சிவப்பு மையால் எழுதுங்கள்.

அடுத்த பக்கங்கள் வலிப்புக்குரியவை. ஒரு மாதிரி:

"12ஆம் திகதி, காலை 5.10. முகம் கழுவும்போது. முதலில் வலது கை துடித்தது, பிறகு முழு உடம்பும். 2 நிமிடம். சிறுநீர் போனது. பிறகு அரை மணித்தியாலம் நித்திரை. முதல் நாள் திருவிழாவில் விடியும்வரை விழித்திருந்தவர். இரவுக் குளிசை குடிக்கவில்லை."

எங்கே தொடங்கியது என்பது மூளையின் எந்தப் பக்கத்தில் கோளாறு என்று டொக்டர் ஊகிக்க உதவும். நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்தே சொல்லுங்கள். பயந்தவருக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். 5 நிமிடம் தாண்டினால் கொப்பியை மறந்துவிட்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள். எழுதுவதெல்லாம் பிறகுதான். முதலில் ஆளைப் பக்கவாட்டில் சரித்துவிடுங்கள், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். (கையில் இரும்பு கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அநேக வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே நிற்கின்றன. பெயர் மட்டும் இரும்புக்குப் போகிறது.)

மாதிரியின் கடைசி இரு வரிகளைத்தான் பலர் எழுதாமல் விடுவார்கள், டொக்டர் ஏசுவார் என்று. ஆனால் தவறிய குளிசை தெரியாவிட்டால், மருந்து போதவில்லை என்று எண்ணி அவர் அளவைக் கூட்டிவிடக்கூடும். தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், முரசு வீக்கம் போன்றவற்றையும் எழுதுங்கள். டொக்டரைக் கேளாமல் மருந்தை நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம்.

பெண்கள் மாதவிடாய்த் திகதியையும் குறித்து வைப்பது நல்லது. சிலருக்கு அந்நாட்களையொட்டி வலிப்பு கூடுகிறது. கார்பமசெப்பின், பெனிட்டோயின், பீனோபாபிற்றோன் ஆகியவை கருத்தடைக் குளிசையின் பலத்தைக் குறைக்கும். சோடியம் வல்புரோவேற் வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. எனவே பிள்ளை பெற எண்ணும்போதே கொப்பியை டொக்டரிடமும் குடும்ப நல மாதுவிடமும் காட்ட வேண்டும்.

வேறு யாருக்குக் காட்டுவது? கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று கொப்பியைப் பெட்டிக்குள் பூட்டுகிற வீடுகள் உண்டு. அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. வகுப்பு ஆசிரியருக்கோ வேலைத்தல முதலாளிக்கோ முழுக் கொப்பியும் தேவையில்லை. வலிப்பு வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் போதும். மிச்சத்தை யார் பார்க்கலாம் என்பதை, வளர்ந்தவராயின், கொப்பிக்குரியவரே சொல்லட்டும். கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோ டொக்டருக்கு மிகவும் உதவும்; அதையும் அவரைக் கேட்டே காட்டுங்கள்.

முதற் பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்து மணிபேசில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத ஊரில் விழுந்தால் அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு அந்தத் துண்டுதான் தேவைப்படும். மருந்து மாறும்போதெல்லாம் பழைய பிரதியைக் கிழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள்.